பழைய வினாத்தாளைப் பாடநூலோடு சேர்த்துப் படியுங்கள்: குரூப் 4 தேர்வுக்கு முதன்முறையாகத் தயாராகிறவர்களுக்கு

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வை நான் முதன்முறையாக எழுதிய நாள். அதற்கு முந்தைய ஐந்து மாதமும் செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தோடு உறங்கி எழுந்தேன். பத்துப் பதினைந்து ஆண்டுகளின் வினாத்தாள்கள், ஒவ்வொரு வினாவின் கீழும் தடித்த எழுத்தில் விடை. கடைசியில் வினாவின் முதல் நான்கு சொற்களைப் படித்ததுமே விடை வாயில் வந்து நிற்கும். அந்தத் திமிரோடுதான் தேர்வறைக்குள் போனேன். இருநூறு வினாக்களில் அப்படியே திரும்ப வந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. மற்றவை எல்லாம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தன; பெயர்தான் நினைவுக்கு வரவில்லை.

2019 செப்டம்பரில் இன்னும் தடிமனான புத்தகத்தோடு போய் அதே அடியை வாங்கினேன். 2022 ஜூலையில் எழுதியபோது கைவசம் இருந்தவை ஐந்தாறு வினாத்தாள்கள் மட்டும். அந்த முறை இளநிலை உதவியாளர் பணி கிடைத்தது. இடையில் நான் புத்திசாலி ஆகிவிடவில்லை. வினாத்தாளைக் கையில் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கும்போது நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பு

தெரியாதவர்களுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரூப் 4 ஒரே தாள். மூன்று மணி நேரம், 200 வினாக்கள், 300 மதிப்பெண். பத்தாம் வகுப்புத் தரம். பகுதி 'அ' தமிழ், 100 வினாக்கள். பகுதி 'ஆ' பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழ்ப் பகுதியில் குறைந்தது 60 மதிப்பெண், அதாவது 40 வினாக்கள் சரியாக இருந்தால்தான் மறுபாதியை மதிப்பிடுவார்கள். நேர்முகத் தேர்வு கிடையாது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்த ஆண்டுகள் உண்டு. ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால், ஒரே ஒரு வினாவில் நூற்றுக்கணக்கானவர்கள் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எந்தத் தாள்கள், எத்தனை

பணம் கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே முந்தைய வினாத்தாள்கள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் பார்த்துப் படித்தால் பின்னால் சொல்லப்போகும் வேலை எதுவும் நடக்காது. பென்சிலுக்கு அங்கே இடமில்லை.

ஐந்து தாள்கள் போதும்: 2018 பிப்ரவரி, 2019 செப்டம்பர், 2022 ஜூலை, 2024 ஜூன், 2025 ஜூலை. இவற்றுக்குப் பிறகு நடந்தது ஏதேனும் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஐந்தும் ஒரே வகைத் தாள்கள் அல்ல. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) பணியிடங்களைத் தனித் தேர்வாக வைக்காமல் குரூப் 4 உடன் இணைத்து நடத்தியது 2018இல். அப்போதும் 2019இலும் பொதுத்தமிழ், பொது ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 2022 முதல் தமிழ் கட்டாயமாகிவிட்டது. 2025இல் பாடத்திட்டமே மாறியது. ஆகவே ஒவ்வொரு தாளின் முதல் பக்கத்திலும் அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று பெரிதாக எழுதி வையுங்கள். இதன் பயன் பின்னால் தெரியும்.

கடைசி இரண்டு தாள்களை இப்போது திறக்காதீர்கள். அவற்றை ஓர் உறையில் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ஆர்வத்தில் எல்லாத் தாள்களையும் முதல் வாரத்திலேயே புரட்டிவிடுவது. ஒருமுறை பார்த்துவிட்ட தாளை வைத்து உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள முடியாது. நினைவில் இருந்து வருகிற விடையை அறிவில் இருந்து வந்ததாக மனம் சாதித்துவிடும்.

குரூப் 2 முதல்நிலைத் தாள்களையும் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அது பட்டப்படிப்புத் தரம். ஆட்சியியலுக்கும் தமிழ்நாட்டு வரலாற்றுக்கும் பயன்படும், ஆனால் முதல் மூன்று மாதங்களுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். மத்தியத் தேர்வாணையத்தின் தாள்கள் இதற்குத் தேவையே இல்லை.

முதல் நாள்

2018 தாளை எடுங்கள். எதுவும் படிக்காமல், ஒரு ஞாயிறு காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டரை வரை எழுதிப் பாருங்கள். எவ்வளவு மதிப்பெண் வந்தது என்று யாரிடமும் சொல்ல வேண்டாம், நீங்களும் மறந்துவிடலாம். எந்தப் பகுதியில் வினாவின் மொழியே புரியவில்லை, எந்தப் பகுதியில் புரிந்தும் விடை தெரியவில்லை என்பது மட்டும் குறிப்பில் இருக்கட்டும்.

விடைக்குறிப்பை நம்பலாமா

தேர்வு முடிந்த சில நாட்களில் ஆணையம் உத்தேச விடைகளை வெளியிடும். ஆட்சேபம் இருந்தால் தேர்வர்கள் ஆதாரத்தோடு முறையிடலாம். அவற்றை வல்லுநர்கள் ஆராய்ந்த பிறகுதான் இறுதி விடை முடிவாகும். உத்தேச விடைக்கும் இறுதி விடைக்கும் இடையில் சில வினாக்கள் மாறுவது வழக்கம். கடைகளில் விற்கும் புத்தகங்கள் பலவும் உத்தேச விடையோடு நின்றுவிடுகின்றன. சிலவற்றில் அதுகூட இல்லை, பதிப்பாளர் தமக்குத் தோன்றியதை அச்சிட்டிருப்பார். என் செங்கல் புத்தகத்தில் ஒரு குறளின் அதிகாரமே தவறாக இருந்தது. அதை நான் ஐந்து மாதம் மனப்பாடம் செய்தேன்.

ஆகவே எப்போதும் இறுதி விடைக்குறிப்பைத் தேடி எடுங்கள். அப்படியும் சந்தேகம் வந்தால், பள்ளிப் பாடநூலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு விடை. இன்னொன்று: பொது அறிவுப் பகுதியில் வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று வினாத்தொகுப்பின் அட்டையிலேயே போட்டிருப்பார்கள். தமிழ் வாக்கியம் குழப்பமாக இருந்தால் ஆங்கிலத்தையும் ஒரு பார்வை பார்க்கும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

வினாவிலிருந்து வரிக்கு

எல்லோரும் பாடத்தைப் படித்துவிட்டுப் பிறகு வினாவைப் போட்டுப் பார்க்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். வினாவை முதலில் எடுத்து, அது பாடநூலின் எந்த வரியிலிருந்து பிறந்தது என்று தேடிப் போங்கள்.

ஆறு முதல் பத்து வரையிலான தமிழ், சமூக அறிவியல், அறிவியல் புத்தகங்கள் உங்களிடம் இருக்க வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நூல்களில் சில பாடங்கள் பின்னால் தேவைப்படும். அண்ணன் அக்காக்கள் படித்த பழைய பிரதிகளே போதும், கிறுக்குவதற்கு அவைதான் வசதி.

இப்போது 2019 தாளின் ஒரு வினாவை எடுங்கள். விடை எந்தப் பாடத்தில் இருக்கும் என்று ஊகித்து, அந்தப் பாடத்தைத் திறந்து, வரியைக் கண்டுபிடியுங்கள். கண்டதும் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் '19' என்று எழுதுங்கள். 2022 தாளில் இருந்து வந்தால் '22'. இவ்வளவுதான் வேலை. ஒரு வினாவுக்கு முதலில் பத்து நிமிடம்கூட ஆகும். ஐம்பது வினாக்கள் முடித்தபின் மூன்று நிமிடமாகக் குறையும். தேடும்போது கண்ணில் படும் மற்ற வரிகள் தாமாகவே உள்ளே போய்விடும் என்பது இதில் கிடைக்கும் இலவச இணைப்பு.

மூன்று தாள்கள் முடிந்ததும் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். சில பக்கங்களில் எண்கள் மொய்த்துக் கிடக்கும். சில பாடங்கள் கன்னி கழியாமல் இருக்கும். வினா எடுப்பவரின் கண் எங்கெல்லாம் நிற்கிறது என்பது அப்போது பிடிபடும். அவர் நம்மைப் போலப் பத்தி பத்தியாகப் படிப்பதில்லை. தமிழ்ப் புத்தகத்தில் அவருக்குப் பிடித்த இடம் 'நூல்வெளி' என்ற சிறு பெட்டி. ஆசிரியர் பெயர், காலம், எழுதிய நூல்கள், நூலின் பிரிவுகள், பாடல்களின் எண்ணிக்கை என்று ஒரே இடத்தில் கொத்தாக இருக்கும். 'சொல்லும் பொருளும்' இன்னொரு இடம். சமூக அறிவியலில் 'உங்களுக்குத் தெரியுமா?' பெட்டிகள். பரீட்சைக்கு வராது என்று பள்ளியில் நாம் தாண்டிப்போன மூலைகள்தாம் இவை.

ஒரு வினாவில் எவ்வளவு இருக்கிறது

வரியைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்துவிடாது. அந்தப் பாணியில் நானே அமைத்த ஒரு வினாவைப் பாருங்கள்:

அரசியலமைப்பின் பதினொன்றாவது அட்டவணையில் உள்ள பொருள்கள் எத்தனை? 18, 22, 29, 47.

விடை 29 என்பது பலருக்கும் தெரியும். அதை டிக் செய்துவிட்டு நகர்ந்தால் ஒரு வினா படித்திருக்கிறீர்கள். நகராமல் மற்ற மூன்றையும் விசாரியுங்கள். 18 எங்கிருந்து வந்தது? பன்னிரண்டாவது அட்டவணை, நகராட்சிகளுக்கான பொருள்கள். 22? எட்டாவது அட்டவணையின் மொழிகள். 47? பொதுப் பட்டியலில் தொடக்கத்தில் இருந்த பொருள்களின் எண்ணிக்கை. தவறான விருப்பங்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் அவை அடுத்த வீட்டு வினாவின் சரியான விடைகள். அடுத்த முறை அந்த அடுத்த வீட்டைக் கேட்பார்கள். 29ஐப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தம், 18ஐப் பிடித்துக்கொண்டு போனால் 74ஆவது திருத்தம். இப்படி ஒரு வினா அரைப் பக்கக் குறிப்பாக விரியும்.

காலவரிசை வினாக்களுக்கு இதே வைத்தியம் வேறு விதத்தில். பத்தாம் வகுப்பு வரலாற்றில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள் பற்றிய பாடம் இருக்கிறது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல், திராவிட மொழிக் குடும்பம் பற்றிய எல்லிஸின் கருத்து, நீதிக்கட்சி, 'ஒரு பைசாத் தமிழன்' ஆகியவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால் என்ன செய்வீர்கள்? எல்லிஸ் 1816, கால்டுவெல் 1856, அயோத்திதாசரின் இதழ் 1907, நீதிக்கட்சி 1916. இந்த நான்கையும் மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அந்தப் பாடத்தில் வரும் எல்லா ஆண்டுகளையும் ஒரே கோட்டில் எழுதுங்கள். இடையில் 1893இல் இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' இதழ் வரும். பின்னால் 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினம், 1925இல் சுயமரியாதை இயக்கம், 1929இல் செங்கல்பட்டு மாநாடு. இந்த ஒற்றைக் கோட்டைக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள், நானும் ஒட்டியிருந்தேன்.

கூற்று, காரணம் வினாக்களில் இடறுகிறவர்கள் பெரும்பாலும் பாடம் தெரிந்தவர்கள்தாம். கூற்று: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி குறைந்த மழையே பெறுகிறது. காரணம்: அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. காரணத்தை 'தமிழ்நாட்டுக்கு நீண்ட கடற்கரை உள்ளது' என்று மாற்றிவிட்டால்? அதுவும் உண்மைதான், ஆனால் கூற்றுக்கு அது விளக்கமாகாது. இரண்டுக்கும் நடுவே 'ஏனென்றால்' என்ற சொல்லைப் போட்டு வாய்விட்டுப் படியுங்கள். ஒட்டுகிறதா இல்லையா என்று காதே சொல்லிவிடும். பழைய தாள்களில் உள்ள கூற்று, காரணம் வினாக்களை மட்டும் ஒரே மாலையில் தொகுத்து இப்படிப் படித்துப் பார்த்தால் இந்தப் பயம் அன்றே போய்விடும்.

தமிழ்ப் பகுதி: பழைய தாள் எங்கே ஏமாற்றும்

இங்கே சற்று நிதானமாகப் படியுங்கள். முன்பு தமிழ்ப் பாடத்திட்டம் இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த் தொண்டும் என்ற மூன்று பிரிவுகளாக இருந்தது. 2025 தேர்வுக்கு வந்த புதிய பாடத்திட்டம் அதை ஏழு அலகுகளாக உடைத்து, எதில் எத்தனை வினா என்றும் சொல்லிவிட்டது. இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் அறிஞர்களும் சேர்த்து 15.

2018, 2019, 2022 தாள்களைப் பார்த்து 'இலக்கியம்தான் நிறைய வருகிறது' என்று முடிவு கட்டினால், பதினைந்து வினாவுக்காக மூன்று மாதத்தைக் கொட்டிவிடுவீர்கள். எதை எவ்வளவு நேரம் படிப்பது என்பதைப் புதிய பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வினா எந்த உருவத்தில் வரும் என்பதைப் பழைய தாளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இலக்கண வினாக்களும் சொல் சார்ந்த வினாக்களும் உருவத்தில் பெரிதாக மாறவில்லை: பிரித்தெழுதுக, எதிர்ச்சொல், வேர்ச்சொல், ஒலி வேறுபாடு, அகர வரிசை, சந்திப்பிழை நீக்குக, எவ்வகை வாக்கியம் என்று சுற்றிச் சுற்றி வருகின்றன. இவை எல்லாவற்றையும் திறந்த மூன்று பழைய தாள்களிலிருந்தும் கத்தரித்து வகை வாரியாக ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த வகையில் உங்களுக்குத் தடுமாற்றம் என்று உடனே தெரியும். எனக்கு அது மலர்முகம், முகமலர். முதலாவது உவமைத்தொகை, இரண்டாவது உருவகம். எத்தனை முறை படித்தாலும் தேர்வறையில் இடம் மாறிக்கொள்ளும். மலர் முன்னால் வந்தால் 'மலர் போன்ற முகம்', பின்னால் போனால் 'முகமாகிய மலர்' என்று விரித்துச் சொல்லிப் பழகிய பிறகுதான் அடங்கியது.

எழுதும் திறன், கலைச்சொல் அலகுகளுக்குப் பழைய தாள்களில் அதிகம் கிடைக்காது. அதற்காகப் புதிய கைடு வாங்க ஓடாதீர்கள். தமிழ்ப் பாடநூலில் ஒவ்வோர் இயலின் முடிவிலும் 'மொழியை ஆள்வோம்', 'மொழியோடு விளையாடு' என்று பயிற்சிகள் இருக்கின்றன. 'கலைச்சொல் அறிவோம்' என்ற பட்டியலும் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் தொடங்கி அவற்றைப் பேனாவால் எழுதிப் பாருங்கள். பள்ளியில் ஆசிரியர் 'வீட்டில் செய்துகொள்ளுங்கள்' என்று விட்டுவிட்ட பக்கங்கள் அவை.

பொது அறிவிலும் அலகு வாரியாக எண்ணிக்கை வந்துவிட்டது. பொது அறிவியலுக்கும் புவியியலுக்கும் ஐந்து ஐந்துதான். இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டின் வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. அறிவியல் பட்டதாரிகள் சிலர் தமக்குப் பிடித்த பாடம் என்பதற்காக இயற்பியலிலேயே குடியிருக்கிறார்கள். பிடித்ததைப் படிப்பது சுகம்தான், ஆனால் வினா ஐந்துக்கு மேல் வராது. திருக்குறள் தமிழ்ப் பகுதியோடு நிற்பதில்லை, பொது அறிவுப் பகுதியிலும் எட்டிப் பார்க்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

காலாவதியான விடைகள்

மருந்து அட்டையில் தேதி பார்ப்பது போல வினாத்தாளிலும் தேதி பார்க்க வேண்டும். 2018 தாளின் காலத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. அன்று 29 மாநிலங்கள், 7 ஒன்றியப் பகுதிகள். இன்று 28, 8. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தலைமை நீதிபதி உட்பட 31 ஆக இருந்தது 2019இல் 34 ஆனது. மக்களவைக்கு ஆங்கிலோ இந்தியர் இருவரை நியமிக்கும் முறை 104ஆவது திருத்தத்தோடு 2020இல் முடிந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. தமிழ்நாட்டின் ராம்சர் ஈரநிலம் எது என்று ஒருமையில் கேட்டால் 2022க்கு முன்பு கோடியக்கரை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இன்று அப்படிக் கேட்கவே முடியாது, பட்டியல் அவ்வளவு நீண்டுவிட்டது.

இப்படி மாறிய விடை ஒன்றைப் பழைய தாளில் கண்டால் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் புதிய விடையையும் மாறிய ஆண்டையும் எழுதுங்கள். எப்போது மாறியது, எந்தத் திருத்தத்தால் மாறியது என்பதே அடுத்த வினாவாக வர வாய்ப்பு அதிகம். நடப்பு நிகழ்வு வினாக்களைப் பழைய தாள்களில் படிப்பது வீண். விருது, விளையாட்டு, பதவியேற்பு எல்லாவற்றையும் கோடிட்டு அடித்துவிடுங்கள்.

பாடநூல்களும் மாறின. இன்றைய புத்தகங்கள் 2018–19 முதல் இரண்டு கல்வியாண்டுகளில் படிப்படியாக வந்தவை. 2018 தாள் அதற்கு முந்தைய சமச்சீர்க் கல்வி நூல்களின் காலத்தைச் சேர்ந்தது. 2019லும் அந்தச் சாயல் உண்டு. அந்தத் தாள்களின் சில வினாக்களுக்குப் புதிய புத்தகத்தில் வரியே இருக்காது. பத்து நிமிடம் தேடிக் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரே வரியைத் தேடி இரண்டு நாளைக் கழித்த ஒரு தம்பியைப் பார்த்திருக்கிறேன். வரி கிடைக்கவில்லை, தலைவலி கிடைத்தது.

திறனறிவு

இதற்கு மட்டும் பாடநூல் தேடல் வேண்டாம். திறந்த மூன்று தாள்களையும் சேர்த்தால் 75 கணக்குகள். அவற்றை எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வகைகளுக்குள் அடங்கிவிடும்: சுருக்குதல், சதவீதம், விகிதம், மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, காலமும் வேலையும், எண் தொடர், பகடை, புதிர். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தாள் ஒதுக்கி, அந்த வகைக் கணக்குகளை எல்லாம் அதிலேயே போடுங்கள்.

சூத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். ரூ.8,000க்கு 5% வட்டியில் இரண்டு ஆண்டுகளில் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வேறுபாடு என்ன என்று கேட்டால், சூத்திரம் மறந்தவர் கைவிரிப்பார். முதலாண்டு வட்டி 400. கூட்டுவட்டியில் கூடுதலாக வருவது அந்த 400க்கு இரண்டாம் ஆண்டில் கிடைக்கும் வட்டி மட்டும்தானே? 400க்கு 5% என்றால் 20 ரூபாய். முடிந்தது. அப்புறம் எண்களை மாற்றி நீங்களே ஐந்து கணக்குகள் அமைத்துப் போட்டுப் பாருங்கள். ஒருவர் கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்துச் சோதித்துக்கொள்ள நூலகத்தில் ஒரு கூட்டாளி கிடைத்தால் இன்னும் நல்லது.

பிழைக் குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தவறிய ஒவ்வொரு வினாவையும் மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: தெரியாது, குழம்பிவிட்டேன், சரியாகப் படிக்கவில்லை. 'தெரியாது' என்பதற்குப் பாடநூல் இருக்கிறது. 'குழம்பிவிட்டேன்' என்பதற்கு மேலே சொன்ன கோடும் கத்தரித்து ஒட்டலும் இருக்கின்றன. மூன்றாவது வகைக்குப் புத்தகத்தில் மருந்தில்லை. 'பொருந்தாதது எது', 'தவறான கூற்று எது' என்ற வினாக்களில் முதல் சரியான வரியைக் கண்டதும் கை அதை நிரப்பிவிடும். என் 2019 தாளை வீட்டுக்கு வந்து சரிபார்த்தபோது இப்படிப் போனவை மட்டும் ஒன்பது. ஒன்பது வினா என்றால் பதின்மூன்றரை மதிப்பெண்! அதற்குப் பிறகு, வினாவில் எதிர்மறைச் சொல் கண்ணில் பட்டால் விருப்பங்களைப் படிக்கும் முன் அதன் அடியில் கோடு போடாமல் நகர்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

உறையைத் திறக்கும் நேரம்

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ஒட்டி வைத்த இரண்டு தாள்களில் பழையதை எடுங்கள். காலை ஒன்பதரை மணி, மேசை, நாற்காலி, கருப்பு நிறப் பந்துமுனைப் பேனா, ஜெராக்ஸ் எடுத்த ஓஎம்ஆர் தாள் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்). கைபேசி அடுத்த அறையில். 180 நிமிடத்தில் 200 வினா என்றால் ஒன்றுக்கு 54 விநாடி. அதற்குள் வட்டத்தையும் நிரப்ப வேண்டும். வட்டத்தைக் கடைசியில் சேர்த்து நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அப்படிச் செய்து பார்க்கட்டும், வீட்டில் மட்டும். நடுவில் ஒரு வரி தள்ளிப் போய்விட்டால் அதன் பின் எல்லாமே தப்பு.

எந்த வரிசையில் எழுதுவது என்பதை இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தமிழ் முதலில், கணக்கு கடைசியில் ஒத்துவந்தது. கணக்கைக் கடைசியில் வைத்துக் கை நடுங்கியவர்களும் உண்டு. இரண்டு தாள்களில் இரண்டு வரிசைகளைச் சோதித்துப் பாருங்கள்.

ஏ, பி, சி, டி என்ற நான்கோடு 'இ' என்று ஐந்தாவது வட்டமும் இருக்கும். அது 'விடை தெரியவில்லை' என்பதற்கு. குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆனால் ஒரு வினாவுக்கு எந்த வட்டத்தையும் நிரப்பாமல் விட்டால் கழித்துவிடுவார்கள், அந்த விதியை அறிவிக்கையில் ஒருமுறை படித்துவிடுங்கள். ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். 'இ' பக்கமும் போகாதீர்கள். நான்கில் இரண்டை நீக்க முடிந்தாலே பாதி வாய்ப்பு கையில் இருக்கிறது. மத்தியத் தேர்வாணையத் தேர்வுக்குப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் அங்கே மூன்றில் ஒரு பங்கு குறையும் என்ற பயத்திலேயே பழகி, இங்கும் தெரியாததை ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிடலாம்.

தாள் முடிந்த அன்று மாலை விடை சரிபார்க்க வேண்டாம், களைப்பில் எல்லாமே எரிச்சலாகத் தெரியும். மறுநாள் காலை சரிபார்த்து, தவறியவற்றைக் குறிப்பேட்டில் ஏற்றி, அவற்றின் வரிகளைப் பாடநூலில் தேடிக் குறியுங்கள். ஆறு வாரத்தில் முதல் மூன்று இதற்கே போய்விடும். கடைசித் தாளைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு எழுதுங்கள். பயிற்சி மையங்களின் டெஸ்ட் பேட்ச் (மாதிரித் தேர்வு) தாள்கள் கிடைத்தால் நேரப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மிரட்டுவதற்காகவே கடினமாக அமைத்த தாள்கள் அவற்றில் உண்டு.

கடைசி வாரத்தில் புதிதாக எந்தத் தாளும் வேண்டாம், எந்தப் பாடமும் வேண்டாம். பென்சில் எண்கள் மொய்த்துக் கிடக்கும் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். எண் விழுந்த வரிக்கு மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி. அத்தோடு பிழைக் குறிப்பேடு. முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, தேர்வு மையத்துக்குப் போகும் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பேனா இரண்டாக இருக்கட்டும்.